ஏற்காடு விடுதிக்கு சிஎஸ்ஆர் பணம் கேட்கும் முன்

தம்பி, ட்ரிபிள்-ஈ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்த கையோடு, ஏற்காட்டில் அறக்கட்டளை நடத்தும் விடுதியின் கரண்ட் பில்லைக் குறைக்க ஒரு நிறுவனத்திடம் சிஎஸ்ஆர் பணம் (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் தொகை) கேட்கலாமா, அது வேலைக்கும் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எடுத்தவுடன் சோலார் விலைப்பட்டியலோடு போய் நிற்காதீர்கள்; கரண்ட் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

கரண்டைத் தின்பது சேலத்தில் மின்விசிறி என்றால் மலையில் கீசர். 2,000 வாட் கீசர் நாளுக்கு 3 மணி நேரம் சூடேற்றினால் 6 யூனிட். ஒரு வாரம் காலையும் மாலையும் மீட்டரைக் குறித்து வையுங்கள். நான் பார்த்த ஒரு விடுதியில் வெந்நீர்க் குழாய் சூடு காக்கும் உறையில்லாமல் வெளிச்சுவரில் ஓடியது. கீசர் பக்கம் கை வைக்க முடியாது, வாளியில் விழுவதோ வெதுவெதுப்பான தண்ணீர்! பிள்ளைகள் பாவம். அந்த உறைக்குப் பெரிய செலவே இல்லை.

அப்புறம், சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் அறக்கட்டளை அரசிடம் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

செய்த வேலைக்கு அறக்கட்டளையிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் தரும் மத்திய அரசு அமைப்பான பிஇஇ நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் (மின்சாரம், எரிபொருள் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்) தேர்வுக்குப் பட்டத்தோடு அனுபவமும் கேட்பார்கள். மீட்டர் குறிப்பை இங்கே போடுங்கள், சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.