பழைய கடைவீதிக்காக உள்ளூர் ஓவியரைக் கொண்டு ஆண்டுக்கொரு சுவரொட்டி வரையச் செய்வது நம் ஊரில் எடுபடுமா?

எடுபடும். ஆனால் தெருச் சுவரில் ஒட்டுவதற்காக அச்சடித்தால் எடுபடாது. வீட்டுக்குள் மாட்டிவைப்பதற்காக அச்சடிக்க வேண்டும். திருநெல்வேலி டவுனில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் எங்களுக்குத் தொழில். ஆண்டு முடிந்ததும் மக்கள் எந்தப் படத்தைக் கழற்றிப் போடுகிறார்கள், எதைச் சட்டம் போட எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்துப் பழகியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர் அமெரிக்கச் சிறு நகரங்களை எடுத்துக்காட்டியிருக்கிறார். அங்கே ஊரின் நடுவில் இருக்கும் பழைய வணிகப் பகுதிக்காக ஆண்டுதோறும் உள்ளூர் ஓவியர் ஒருவர் சுவரொட்டி வரைகிறார், அதை வாங்க ஆள் வருகிறது என்கிறார். இது நடக்கக்கூடியதுதான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜாஸ் இசை விழாவுக்கு 1975 முதல் இப்படி ஆண்டுச் சுவரொட்டி வருகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் (திரைத்துணி வழியாக மையை இறக்கி), இத்தனை பிரதிதான் என்று எண்ணிட்டு அச்சடிக்கிறார்கள். அந்தத் தாளை ஆண்டு வரிசைப்படி சேர்த்து வைப்பதற்கென்றே ஆட்கள் உருவாகிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இந்த வழக்கம் வேறு உருவத்தில் எப்போதோ வேர்பிடித்துவிட்டது. காலண்டரைத்தான் சொல்கிறேன். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி, கீழே ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயரோடு தென்னாட்டு வீடுகளுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. 1986-இல் மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்து ஊர். ஆக, உள்ளூர் ஓவியர், ஆண்டுக்கொரு படம், அடியில் கடையின் பெயர் ஆகிய மூன்றுமே நமக்குப் பழகியவைதான். கடைவீதியே படமாக வந்ததுதான் கிடையாது.

அந்தக் காலத்துக் காலண்டர்கள் இன்னும் என் கடைக்கு வருகின்றன. தேதித் தாள்களைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் தருவார்கள். அடியில் இருக்கும் கடைப் பெயரை வெட்டிவிடவா என்று கேட்பேன். “இருக்கட்டும் அண்ணாச்சி, அந்தக் கடையில்தான் எனக்குக் கல்யாணப் பட்டு எடுத்தார்கள்” என்று ஒரு பெரியம்மா சொன்னார். கடை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒரு கடைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எனக்குத் தெரியவில்லை. முதலாளியின் நிழற்படத்தைப் பெரிதாகப் போட்ட காலண்டரைச் சட்டம் போட்டுத் தரும்படி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆண்டுச் சுவரொட்டி போடப் பணம் தரும் வணிகர்கள் இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரவர் பெயர் அடியில் சிறிதாக வந்தால் போதும்.

என்ன வரைவது என்பதுதான் பெரிய கேள்வி. திருநெல்வேலி என்றதும் கோபுரமும் அல்வாவும் போதும் என்று நினைப்பார்கள். நெல்லையப்பர் கோபுரத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கோபுரத்துக்குப் படம் ஏற்கெனவே ஆயிரம் இருக்கிறது. சாமி படமாகவே போட்டுவிட்டால் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆண்டு முடிந்தபின் குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்தி வைத்துவிட்டு வருவார்கள். நம் படம் அந்த வழியில் போகக் கூடாது. கோபுரம் பின்னால் நிற்கட்டும், முன்னால் தெரு வரட்டும்.

அந்தத் தெருவில் வரைய எவ்வளவோ இருக்கிறது! நான்கு ரதவீதிகள். வாகையடி முக்கு. நயினார்குளம் மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே லாரியிலிருந்து இறங்கும் காய்கறி மூட்டைகள். அம்மன் சன்னதிப் பக்கம் பூக்கட்டும் கைகள். கோதுமைப் பாலை நெய் பிரிந்து வரும்வரை விடாமல் கிண்டிக்கொண்டே நிற்கும் அல்வா மாஸ்டரின் தோள். கீழரதவீதியில் சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடையின் முன்னால் நிற்கும் வரிசை. அல்வாப் பொட்டலத்தைவிட அந்த வரிசையில் நிற்கும் முகங்கள் எனக்கு முக்கியம். ஆண்டுக்கு ஒன்று என்று எடுத்தால் ஒரு தலைமுறைக்கு வரையலாம்.

தெய்வத்துக்குப் பக்கத்தில் வியாபாரியை வரைவது தகுமா என்று ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். ஐந்து நிலைக் கோபுரத்தின் உட்சுவர்களில் புராணக் கதைகளோடு போர்க்காட்சியும் இருக்கிறது, கப்பலில் குதிரை ஏற்றிவரும் அரபு வணிகர்களும் இருக்கிறார்கள். நடராசருடைய ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது. சித்திர சபை குற்றாலத்தில். 2019-இல் குற்றாலம் தென்காசி மாவட்டத்தோடு போனாலும் இரண்டும் ஒரே சீமையின் சொத்து. சித்திரத்துக்கென்றே ஒரு சபை வைத்திருந்த சீமையில் படம் எழுத ஆளா இல்லை?

ஆள் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை. பிளக்ஸ் வந்தபிறகு பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்களில் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் பள்ளிச் சுவருக்கும் வண்டிகளுக்கும் எழுதுகிறார்கள். எழுத்தின் வளைவை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. சுண்ணாம்புத் தூள் தடவிய நூலை அடித்துக் கோடு போட்டு, அளவுகோல் இல்லாமல் ‘ழ’வைச் சுழித்துக் கொண்டுவரும் கை அது. ஓவியக் கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு வாய்ப்புத் தர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முதல் படத்தின் எழுத்தையாவது பலகை எழுதிய ஒருவர் கையால் எழுதச் சொல்லுங்கள். கணினி எழுத்துருவில் ‘திருநெல்வேலி டவுன்’ என்று போட்டால் அது இன்னொரு பிளக்ஸ் ஆகிவிடும். அவர்கள் கலவையில்லாத அழுத்தமான நிறங்களில் வேலை செய்பவர்கள். ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை வேண்டும் என்பதால் நான்கைந்து நிறத்தில் முடியும் படம்தான் அதற்குச் சரிப்படும். கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் அச்சடிக்கிற பட்டறைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அதே படத்தை மஞ்சப்பையிலும் போடலாம்.

காலம் பார்த்துச் செய்ய வேண்டும். ஆனித் தேரோட்டத்தின்போது ஓவியர் தெருவில் நிற்க வேண்டும். ஐந்து தேரும் ரதவீதிகளைச் சுற்றி வரும் அந்த நாளில் ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். வரையக் கண் நிறையக் கிடைக்கும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் படம் கையில் இருந்தால் கடைக்காரர்கள் வழக்கமாகக் காலண்டருக்கு ஒதுக்கும் பணத்திலேயே இதையும் முடித்துவிடலாம். தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற கூட்டத்துக்குக் கடைகளில் மாட்டிக் காட்டலாம்.

தெருச் சுவர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். பொது இடத்தில் அனுமதியில்லாமல் ஒட்டுவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை விட்டாலும், விடிவதற்குள் மேலே ஒரு கண்ணீர் அஞ்சலி ஏறிவிடும், பசைக்காக மாடு கிழித்துத் தின்றுவிடும். கடைக்குள், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மாட்டுங்கள்.

ஓவியருக்குக் கூலி கொடுங்கள். “உங்கள் பெயர் வெளியே தெரியும்” என்று சொல்லிச் சும்மா வரையச் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதோடு ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போய்விடும். பலருக்கு இது தெரியாது. மூலப்படம் யாருக்கு, மறுபடி அச்சடித்தால் ஓவியருக்கு என்ன பங்கு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கையெழுத்து படத்தின் மேலேயே, படிக்கிற அளவில் இருக்கட்டும்.

இதனால் வியாபாரம் கூடுமா என்றால், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நம் ஊரின் இன்னொரு பகுதியான வண்ணார்பேட்டையின் பெரிய கடைகளுக்குப் போகிறவர்கள் உடனே டவுனுக்குத் திரும்பிவிட மாட்டார்கள். ஆனால் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் அல்வாவோடு எடுத்துப்போக ஒரு பொருள் கிடைக்கும். அந்தப் படம் தொங்குகிற வீட்டில் வளரும் குழந்தைக்கு ரதவீதி தெரிந்திருக்கும்.

ஆகவே வணிகர் சங்கத்தில் பேசப்போகிறவர்கள் ஓராண்டுக்கு மட்டும் பணம் கேட்காதீர்கள். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கேளுங்கள். முதல் படம் விற்கவில்லை என்று நிறுத்திவிட்டால் வரிசையே உருவாகாது. ஐந்து ஓவியர்களையும் இப்போதே முடிவு செய்து, யாருக்கு எந்தத் தெரு என்று சொல்லிவிட்டால் அவர்கள் இந்த ஆனியிலேயே நோட்டும் பென்சிலுமாக வந்து நிற்பார்கள்.