பசித்த எலியும் பாடமும்

கேள்வி: குட்டியில் சத்துக்குறைவாக வளர்ந்த எலி, பிறகு நன்றாகத் தின்றாலும் கற்பதில் மந்தமாகவே இருக்குமா?

பதில்: அவசரப்பட்டு மந்தம் என்று முத்திரை குத்தாதீர்கள். பாலூட்டும் 21 நாட்களும் தாய் எலியின் தீனியில் புரதத்தை 20–25 சதவீதத்திலிருந்து 6–8 ஆகக் குறைத்தால், குட்டிகளின் ஹிப்போகேம்பஸ் (கற்றலுக்கும் நினைவுக்கும் உதவும் மூளைப் பகுதி) பாதிக்கப்படும்; அதன் ஒரு பகுதியான டென்டேட் கைரஸில் உள்ள நரம்பணுக்களில் பெரும்பங்கு பிறந்த பிறகே உருவாகிறது. சிக்கல் சோதனையில்தான். இவ்வெலிகள் வளர்ந்தபின்னும் தீனிக்காகக் கூடுதலாக முயலும், மின்னதிர்ச்சிக்குக் கூடுதலாக மிரளும். தீனியைப் பரிசாக வைத்தால் படுசுட்டியாகத் தோன்றலாம்! ஆகவே ஓடும் வேகத்தையும் செய்யும் பிழைகளையும் தனித்தனியே குறியுங்கள். ஒரே பரிசை நம்பாதீர்கள். கூண்டும் முக்கியம்: லெவிட்ஸ்கி, பார்ன்ஸ் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், தனிமை பாதிப்பைப் பெருக்கியது, இளமையிலேயே கிடைத்த தூண்டல் மிகுந்த சூழல் அதைப் போக்கியது.