நாலு வயதுப் பையன் அடிக்கிறான், வீசி எறிகிறான். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தால் அவன் சரியாவானா?

‘சேட்டை பண்ணுவது அவன், பயிற்சி எங்களுக்கா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதையேதான் கேட்டேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். பையன் தங்கச்சியைக் கடிப்பான், சோற்றுத் தட்டை வீசுவான். தஞ்சாவூர் மருத்துவர் முதலில் காதையும் பேச்சையும் சோதிக்கச் சொன்னார். குறை ஏதுமில்லை. மருந்து எழுதாமல், பிசிஐடி (பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதத்தை மாற்றும் சிகிச்சை) என்ற பயிற்சிக்கு அனுப்பினார். 1970களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஷீலா ஐபர்க் உருவாக்கியது. 2 முதல் 7 வயதுக்கு. நாம் பிள்ளையோடு விளையாடுவோம், ஆலோசகர் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நம் காதில் சொல்லித்தருவார். எங்களுக்கு ஏது கண்ணாடி அறை? வீடியோ காலும் ப்ளூடூத்தும்தான்.

தினம் 5 நிமிடம் அவன் இழுத்த இழுப்புக்கு விளையாட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. லேசு என்றுதான் நினைத்தேன். கொல்லையில் மண்ணைக் குழைத்து வரப்பு கட்டி, சொம்புத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தான். “என்னடா இது? ஏன் உடைச்ச? சட்டையில சேறு ஆக்காதே!” ஒரே மூச்சில் மூன்று தப்பும் செய்துவிட்டேன். “அவன் செய்றதை மட்டும் சொல்லுங்கம்மா” என்றார் ஆலோசகர். “மடையைத் திறந்துட்ட. தண்ணி கடைசி வயலுக்குப் போவுது” என்றேன். நிமிர்ந்து பார்த்தான். “ஆமா, கடைமடை” என்றான். அன்றைக்கு அவன் கத்தாமல் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பாராட்டுக்கும் கணக்கு உண்டு: 5 நிமிடத்தில் 10. வெறும் ‘சமத்து’ செல்லாது, “தட்டைக் கீழ வச்சியே, நல்லாருக்கு” என்று செயலைச் சொல்ல வேண்டும். மாமியாருக்கு இது பிடிக்கவே இல்லை. “பெத்தவ வாயால புகழ்ந்தா கண்ணு பட்டுடும்” என்று ராத்திரி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்னக் கத்தல்களைக் கண்டுகொள்ளக் கூடாது. அதுவரை கத்தினால் போன் கிடைத்துக்கொண்டிருந்தது அல்லவா, அதனால் முதல் இரண்டு வாரம் இன்னும் பலமாகக் கத்தினான். நாங்களே பயிற்சியை விட்டுவிடப் பார்த்தோம். கடி, அடி என்றால் மட்டும் உடனே தடுத்தோம்.

அப்புறம்தான் கட்டளைப் பாடம். “செருப்பை எடுத்து வைக்கிறியா?” என்று கேட்டால் “மாட்டேன்” என்பான், கேட்டது நாம்தானே. “செருப்பைத் திண்ணையோரம் வை” என்று ஒரே தரம் சொல்லி 5 வினாடி பொறுக்க வேண்டும். கேட்காவிட்டால் ஒரு எச்சரிக்கை, அதற்கும் மசியாவிட்டால் 3 நிமிடம் நாற்காலியில் தனியாக உட்கார வைக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் இதே மாதிரி நடக்க வேண்டும். இவர் குறுவை நடவில் ஓடிக்கொண்டிருந்த மாதம் நான் ஒருத்தி மட்டும் செய்து பாதி வீணானது.

இப்போது தட்டு பறப்பதில்லை. கடிப்பது போய்க் கிள்ளுவதில் வந்து நிற்கிறது. உங்கள் பக்கம் இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று 14416-இல் கேட்டுப் பாருங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.