டெல்லியில் கலை, கல்வி பற்றி மட்டும் எழுதி ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளராகப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் கலை சோறு போடாது, கல்விதான் போடும். டெல்லியில் இருந்துகொண்டு சென்னைப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். வீட்டு வாடகை நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆகியவற்றின் புண்ணியத்தில் போகிறது. தேர்வில் ஏதாவது குளறுபடி என்றால் அன்றைக்கே கட்டுரை கேட்பார்கள். நாடக விமர்சனம் அனுப்பினால், "இந்த வாரம் இடமில்லை சார்" என்பார்கள். அடுத்த வாரம் நாடகமே முடிந்திருக்கும்.

கலைக்கு மண்டி ஹவுஸ் வட்டாரம் ஒன்றே போதும். ரவீந்திர பவனில் சாகித்ய, சங்கீத நாடக, லலித் கலா அகாதெமிகள் மூன்றும் ஒரே வளாகத்தில். நாலு எட்டு வைத்தால் தேசிய நாடகப் பள்ளி, ஸ்ரீராம் சென்டர், கமானி அரங்கங்கள். சாகித்ய அகாதெமி விருது பெரும்பாலும் டிசம்பரில் வரும். அறிவித்த கையோடு சென்னையிலிருந்து போன்: எண்ணூறு சொல், ஆறு மணிக்குள். அதனால் பேர் அடிபடும் நாலைந்து புத்தகங்களை நவம்பரிலேயே படித்துக் குறிப்பெடுத்து வைத்துவிடுவேன். விருது கிடைக்காத புத்தகத்தின் குறிப்பும் வீணாகாது, ஜனவரியில் மதிப்புரையாகிவிடும்.

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பிஐபி) பத்திரிகையாளர்களுக்குத் தரும் அங்கீகார அட்டையை நம்பி வராதீர்கள். 2022 விதிமுறைப்படி முழுநேரப் பத்திரிகையாளருக்கு 5 வருட அனுபவம் போதும், ஃப்ரீலான்ஸருக்கு 15 வருடம் வேண்டும். அட்டை இல்லாமல் கல்வி அமைச்சகத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. சரி, நல்ல கல்விச் செய்தி அங்கேயா இருக்கிறது? தமிழ்க் கல்விக் கழகம் இங்கே ஏழு பள்ளிகள் நடத்துகிறது. அதில் ஒன்றான மந்திர் மார்க் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். "பத்தாவதுல தமிழ் எடுத்தா மார்க் வருமா, இல்ல சமஸ்கிருதமே போதுமா?" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மும்மொழிக் கொள்கை பற்றி நான் எழுதியதில் உருப்படியான கட்டுரை அங்கேதான் கிடைத்தது.

அப்புறம் பணம். பிரசுரமான பிறகுதான் தருவார்கள், அதிலும் இழுத்தடிப்பு உண்டு. ஒரு இதழ் கடைசிவரை தரவே இல்லை. 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால், அது உங்கள் வரிக் கணக்கைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஜூலையில் ரிட்டர்ன் போடுங்கள். என் மாதிரி வருமானத்துக்கு முழுசாகத் திரும்பி வந்துவிடும். கமானியில் கச்சேரி நீண்டால் கடைசி மெட்ரோ போயிருக்கும், ஆட்டோ காசையும் எடிட்டரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.