நாயின் மூச்சுத்திணறலும் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய அம்மா,

வீட்டு நாய்க்குத் திடீரென மூச்சுத்திணறி, ஸ்கேன் பார்த்த மருத்துவர் அதைப் பிழைக்க வைத்த நாளிலிருந்து, பிளஸ் டூ படிக்கும் மகள் விலங்குகளுக்கு ஸ்கேன் எடுக்கும் வேலைக்கே போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அதற்கு பி.எஸ்சி. ரேடியோகிராபி போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. படமெடுப்பது வேறு, நோயைக் கண்டறிவது வேறு. விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்க, 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவுபெற்ற கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும்.

மூச்சுக்குத் தவிக்கும் நாயை மல்லாத்திப் படமெடுக்க முயன்றால், படம் கைக்கு வருமுன் உயிர் போய்விடக்கூடும். ஆகவே முதலில் ஆக்சிஜன். பிறகு நாய் நின்றபடியோ குப்புறப் படுத்தபடியோ இருக்க, மார்பில் அல்ட்ராசவுண்ட். விலா எலும்புகளுக்கிடையே நுரையீரலின் ஓரம் மூச்சோடு சேர்ந்து வழுக்கி நகராவிட்டால் மார்புக்கூட்டில் காற்று புகுந்திருக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் கரிய பகுதி தெரிந்தால் அங்கே நீரோ இரத்தமோ தேங்கியிருக்கலாம். வெண்கோடுகள் பல மேலிருந்து கீழே இறங்கினால் நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்திருக்கலாம். தேங்கிய காற்றையோ நீரையோ ஊசியால் இழுத்து, நாய் சற்று அமைதியான பிறகே எக்ஸ்ரே. அதில் இதயத்தின் நீள அகலங்களை முதுகெலும்புக் கணுக்களோடு ஒப்பிட்டு அளப்பார்கள்; பொதுவாக இரண்டும் சேர்ந்து 10.5 கணுவுக்கு மேல் போனால் இதய வீக்கத்தைச் சந்தேகிப்பார்கள், ஆனால் பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு அதைவிடக் கூடுதலே இயல்பு. எப்போது படமெடுக்கக் கூடாது என்று அறிவதும் இத்தொழிலில் பாதி என்பேன்.

எனவே பி.வி.எஸ்சி. எனும் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பே வழி: ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டும் நீட் தேவை என்பதால் அதையும் எழுதட்டும். அதன்பின் அறுவை மற்றும் கதிரியக்கப் பிரிவில் எம்.வி.எஸ்சி. எனும் மேற்படிப்பு, இரண்டு ஆண்டுகள். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி முதலிய இடங்களில் இது உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. நாயை நினைத்துக்கொண்டு சேரும் பிள்ளைகள், படிப்பில் பெரும்பகுதியை மாடு, ஆடு, கோழிகளோடுதான் கழிக்கிறார்கள். விண்ணப்பிக்குமுன், உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அனுமதி பெற்று, மகளை இரண்டு காலைப் பொழுதுகள் நின்று பார்த்துவரச் சொல்லுங்கள். சினைப் பரிசோதனைக்காக மாட்டினுள் கையை விடும் மருத்துவரைக் கண்டும் ஆசை குறையாமல் திரும்பினால், தயங்காமல் சேர்த்துவிடலாம்.