நகம் வெளுத்த கை

அன்புள்ள சார்,

ஓசூரில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனியிலேயே டேபிள் டென்னிஸ் ஆடுகிறோம். ஒரு நண்பர் பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு டாப்ஸ்பின் போட்டால் என்னால் திருப்பி அடிக்கவே முடியவில்லை. எப்படித் திருப்பி அடித்தாலும் பந்து மேசையைத் தாண்டிப் பறக்கிறது. பேட்டில் ஒட்டுகிற, நீளமான முளைகள் உள்ள லாங் பிம்பிள்ஸ் ரப்பர் வாங்கினால் நன்றாகத் திருப்பி அடிக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? ஷூவும் மாற்ற வேண்டுமா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

வாங்காதீர்கள். அந்த ரப்பர் அவருடைய டாப்ஸ்பின்னை பேக்ஸ்பின்னாக, அதாவது பின்பக்கச் சுழற்சியாக, அவருக்கே அனுப்பும், ரெண்டு வாரம் திணறுவார், அப்புறம் பழகிக்கொள்வார். நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

முன்னால் உருண்டபடி வருகிற பந்து ரப்பரில் பட்டதும் அதைக் கவ்வி மேலே ஏறப் பார்க்கும். பேட்டை நிமிர்த்திப் பிடித்தால் கூரைக்குத்தான் போகும். பேட்டின் முகத்தை மேசை பக்கம் கவிழ்த்து, பந்து குத்தி எழும்போதே, உச்சிக்குப் போகுமுன் வாங்கிவிட வேண்டும், கையை வீசாமல். இதெல்லாம் நீங்கள் வீடியோவில் பார்த்ததுதான். பிறகு ஏன் வரவில்லை?

சின்னக் கடிதத்தில் மூன்று தடவை 'திருப்பி அடி' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் தம்பி அடிக்கச் சொன்னது? பந்துக்கு வேண்டிய வேகத்தை அவரே கொடுத்து அனுப்பியிருக்கிறார், நீங்கள் வேறு எதற்குச் சேர்க்கிறீர்கள்?

கிருஷ்ணகிரியில் நான் ஆடிய காலத்தில் பந்து 38 மில்லிமீட்டர், ஒரு கேம் 21 பாயிண்ட். (2000இல் பந்தை 40 ஆக்கினார்கள், வேகமும் சுழற்சியும் குறையட்டும் என்று. உங்கள் நண்பரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.) எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் கணக்கு எழுதுபவர். சீசனில் சட்டையெல்லாம் மாம்பழ வாசனையோடு நேராக வந்துவிடுவார். நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் பின்னால் வந்து கையிலிருக்கும் பேட்டை உருவுவார். சுலபமாக வந்துவிட்டால் "சரி, ஆடு". வராவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார், அதுதான் திட்டு. என் கையிலிருந்து மாதக்கணக்கில் வரவில்லை. ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பேட்டின் மேல் அழுத்தியிருந்த கட்டைவிரல் நகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "பாரு, பந்து இன்னும் அவன்கிட்டதான் இருக்கு, நீ இங்க அடிச்சு முடிச்சிட்ட."

அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வெளுப்பு, அப்பா கூப்பிட்டால் வெளுப்பு. எனக்குப் பயம் அங்கேதான் குடியிருந்தது. உங்களுக்கும் அதுதான், ரப்பர் இல்லை. பயந்த கை இறுகும், இறுகிய கையில் எத்தனை ஆயிரம் ரூபாய் பேட்டும் வெறும் பலகை.

அந்த நண்பரைப் பத்து நிமிடம் டாப்ஸ்பின் மட்டும் போடச் சொல்லுங்கள். பாயிண்ட் எண்ணாதீர்கள். பேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நகத்தைச் சிவப்பாக வைத்திருங்கள், பந்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

ஷூ கேட்டிருந்தீர்கள். வழுக்காமல் இருந்தால் போதும்.