கேமிங் ஹெட்செட்: மலையக வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (தலவாக்கலை): நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். இரண்டு மணிநேரம் விளையாடினால் காதின் மேற்புறம் கடுக்கிறது. எடை குறைந்த ஹெட்செட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: உங்களுக்குத் தொல்லை தருவது எடையைக் காட்டிலும் இறுக்கம்தான். லொஜிடெக் ஜி435 போன்று 165 கிராம் மட்டுமே உள்ளவையும் உண்டு, 300 கிராமைத் தாண்டியவையும் உண்டு. ஆனால் பாரத்தைச் சுமப்பது உச்சந்தலை. கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேலுள்ள எலும்போடு சேர்த்து நசுக்குவதோ பக்கவாட்டு அழுத்தம். ஆகவே கடையிலேயே, உங்கள் கண்ணாடியைக் கழற்றாமல், கால் மணிநேரமாவது அணிந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். அணிந்தபடியே தாடையை மெல்ல அசையுங்கள். காது மடல் உள்ளேயுள்ள துணியில் உரசுவது தெரிந்தால், காதைச் சுற்றியுள்ள மெத்தையின் ஆழம் உங்கள் காதுக்குப் போதாது, ஒரு மணிநேரத்தில் அந்த இடம் வலிக்கத் தொடங்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், தலையைவிடச் சற்றே அகலமான பெட்டியில் இரவு முழுவதும் மாட்டி வைத்தால் ஓரளவு தளரும். உலோகப் பட்டை உள்ளவற்றுக்கே இதைச் செய்யலாம்; பிளாஸ்டிக் பட்டை விரிசல் விடக்கூடும்.

கேள்வி (நுவரெலியா): எங்கள் குளிருக்குத் தோல் மெத்தைதான் இதமாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: முதல் மாதம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் மலிவு விலை ஹெட்செட்டுகளில் தோல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் துணியின்மேல் பூசப்பட்ட பொலியூரித்தேன் படலம். ஈரமும் வியர்வையும் அந்தப் படலத்தைச் சிறுகச் சிறுகச் சிதைத்துவிடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், மாலையானதும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரில் இதைத் தவிர்க்க வழியில்லை. என்னிடமிருந்த ஒன்று இரண்டாவது தென்மேற்குப் பருவமழையில் உரியத் தொடங்கியது; கழற்றும்போதெல்லாம் கருகிய தாளைப் போன்ற கறுப்புத் துகள்கள் காதோரத்திலும் சட்டைக் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தன. துணி மெத்தை உரியாது, கண்ணாடிக் காம்புக்கும் இடம் கொடுக்கும். ஆனால் தாழ்ந்த ஒலியைச் சற்றுக் கசியவிடும், ஈரத்தோடு அலுமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் துணியையே சொல்வேன். எதை வாங்கினாலும், மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (பதுளை): கைத்தொலைபேசியில் விளையாட புளூடூத் ஹெட்செட் போதுமா?

பதில்: பாட்டுக் கேட்கப் போதும். சுடும் விளையாட்டுகளுக்குப் போதாது, ஏனெனில் திரையில் துப்பாக்கி வெடித்த பிறகே சத்தம் காதுக்கு வந்து சேரும். வயருள்ளதையோ, 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிளோடு, அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வயர்லெஸ் கருவியோடு, வருவதையோ பாருங்கள்.

கேள்வி (ஹட்டன்): பெட்டியில் 50 மில்லிமீற்றர் டிரைவர், 7.1 சரவுண்ட் என்று அச்சிட்டிருக்கிறது. அதிக விலை கொடுக்கலாமா?

பதில்: அந்த இரண்டுக்காக மட்டும் கொடுக்க வேண்டாம். டிரைவர் என்பது ஹெட்செட்டுக்குள் ஒலியெழுப்பும் சிறு ஒலிபெருக்கி. நன்றாகச் சீரமைக்கப்பட்ட 40 மில்லிமீற்றர் டிரைவர், கவனமின்றிச் செய்த 50 மில்லிமீற்றரைவிடத் தெளிவாக ஒலிக்கும். சுற்றிலும் பல ஒலிபெருக்கிகள் இருப்பதுபோல் கேட்கச் செய்யும் 7.1 என்பதும் பெரும்பாலும் காதுக்கு ஒன்றாக இரண்டே டிரைவர்களைக் கொண்டு மென்பொருள் செய்யும் வித்தைதான். ஒலி ஒரு காதை மற்றதைவிட எவ்வளவு முந்தி எட்டுகிறது, மடலில் பட்டு எப்படி மாறுகிறது என்பதை அது போலியாக உருவாக்கிக் காட்டுகிறது. வலரண்ட் போன்ற சுடும் விளையாட்டுகளில் இந்த வசதி உள்ளேயே இருப்பதால், இரண்டையும் ஒருசேர இயக்கினால் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும். தரத்தை அறிய நான் காமன்கூத்துத் தப்பின் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்பது வழக்கம். மெல்லிய குச்சியின் சுளீரென்ற அடியும் தோலின் அதிர்வும் தனித்தனியாகக் கேட்டால் நல்லது. இரண்டும் ஒரே முழக்கமாகக் குழைந்தால், அதே ஹெட்செட்டில் குண்டுச் சத்தம் காலடிகளையும் விழுங்கிவிடும்.

கேள்வி (லிந்துலை): தகரக் கூரையில் மழை கொட்டும்போது நான் பேசுவது நண்பர்களுக்குக் கேட்பதில்லை. விலையுயர்ந்த மைக் தேவையா?

பதில்: தேவையில்லை. ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக்காக இருந்தால், அதை வாயின் ஓரத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து, கணினியில் அதன் உணர்திறனைக் குறையுங்கள். உங்கள் குரல் நிற்க, கூரைச் சத்தம் பின்வாங்கும். விளையாடும்போது நண்பர்களோடு பேசும் செயலியான டிஸ்கோர்டிலுள்ள இரைச்சல் நீக்கியும் உதவும். ஆனால் மழையிரைச்சலும் 'ச', 'ஸ' ஒலிகளும் கிட்டத்தட்ட ஒரே சாதி என்பதால், கடுமையாக வடிகட்டும் மென்பொருள் சொற்களையும் கடித்துத் துப்பும். மழையை மீறிக் கேட்பதற்காக நீங்கள் ஒலியளவைக் கூட்டுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. உலகச் சுகாதார அமைப்பின் அளவுகோலின்படி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். 90 டெசிபெல்லில் அது 4 மணிநேரமாகச் சுருங்கிவிடும். காதை முழுதாக மூடும், பின்புறம் அடைபட்ட ஹெட்செட்டாக வாங்கினால் மழை தானாகவே தணிந்து கேட்கும், ஒலியைக் கூட்டவும் வேண்டியிராது.